காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் ராமேஸ்வரமும் குருசடைத் தீவும்: முடியுமா?

கழனிவாசல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரி, பதின்மூன்று வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், கூட எங்கள் ஆத்தா. ஆத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நன்றாக நடப்பார்கள், படி ஏறி இறங்கினால்தான் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கார் சொந்தக் கார், ஓட்டப்போவது நான். மறுநாள் காலை ஊரில் ஒரு மணிவிழா இருப்பதால் தங்க முடியாது. இரவே வீடு வந்து சேர வேண்டும்.

ஆளுக்கு ஓர் ஆசை. பையனுக்குப் பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவு. பெண்ணுக்குப் புதுப் பாம்பன் பாலம். வீட்டுக்காரிக்கு 22 தீர்த்தம். ஆத்தாவுக்கு தனுஷ்கோடி. அவர்களுடைய அப்பச்சி, அதாவது அப்பா, கொழும்பில் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்கப் போனவர். போட் மெயில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறிப் போவார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டே வளர்ந்தவர்கள், அந்த இடத்தை இன்னும் பார்த்ததில்லை.

குருசடைத் தீவுக்கு நம்மைப் போன்ற ஆட்களை விடுகிறார்களா? எதை முதலில் வைத்துக்கொள்வது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை எழுதியது:

முடியும். ஆனால் நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றை விட்டால்தான் முடியும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன். சுமார் 150 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரும்பும்போது அதைவிடக் கூடும், ராமநாதபுரம் ஊருக்குள் மாலை நேரத்தில் நெரிசல்.

ரயிலை இந்த முறை மறந்துவிடுங்கள். பகலில் திருச்சியிலிருந்து நம் ஊர் வழியாகப் போகும் வண்டி ராமேஸ்வரம் சேர்வதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். சென்னை வண்டிகள் நடுராத்திரியில் காரைக்குடியைத் தாண்டும். ஆத்தாவை அந்த நேரத்தில் நடைமேடையில் உட்கார வைக்க வேண்டாம்.

இனி வரிசை. கோயில் காலை 5 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்குச் சாத்தும், மறுபடி 3 மணிக்குத் திறக்கும். தனுஷ்கோடி போகும் சாலையில் மாலை மங்கும் முன்பே சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தீவுப் படகு முற்பகலில்தான் நல்லது. இந்த மூன்று கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு வரிசைதான் மிஞ்சுகிறது. விடியலில் கோயில், முற்பகலில் தீவு, பிற்பகலில் தனுஷ்கோடி. அதிகாலை 3 மணிக்குக் காரை எடுங்கள், 6 மணிக்கெல்லாம் சந்நிதித் தெருவில் இருக்கலாம்.

விட வேண்டியது 22 தீர்த்தம். கடலில் குளித்து, ஒவ்வொரு கிணறாக வரிசையில் நின்று தலையில் வாளித் தண்ணீர் வாங்கி, ஈரம் மாற்றி, பிறகு தரிசனம் என்றால் அரை நாள் அங்கேயே போய்விடும்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ராமேஸ்வரம் போய் தீர்த்தம் ஆடாமல் திரும்புவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி 22 கிணற்று நீரையும் ஏற்றுக்கொண்டு சுவாமியைப் பார்ப்பதுதான் அங்கே முறை. தீவை இன்னொரு நாள் பார்க்கலாமே.

நமக்கும் அந்தக் கோயிலுக்கும் உள்ள உறவு சாதாரணமானதும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஊர் ஜமீன் குடும்பம் உட்பிராகாரத் திருப்பணியைச் செய்தது. நகரத்தார் விடுதி இன்றும் அங்கே இருக்கிறது. மூன்றாம் பிராகாரத்தின் 1212 தூண்களையும் வெளிச்சம் வருமுன் ஆளரவம் இல்லாத நேரத்தில் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். கிழக்கே நின்று பார்த்தால் தூண்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை அமாவாசையை ஒட்டி வந்தால் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

கழனிவாசல் எழுதியது:

அமாவாசைக்கு ஒரு வாரம் தள்ளித்தான் போகிறோம். தீர்த்தத்தைப் பற்றி வீட்டில் இன்று பேசுகிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, தீர்த்தத்தைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன், ரஸ்தாக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிணற்றுக்குக் கிணறு தளம் முழுக்கத் தண்ணீர். ஈரப்புடவை காலைத் தடுக்கும். கூட்டம் பின்னால் நின்று தள்ளும். முழங்கால் வலி உள்ளவரை அதில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வீட்டுக்காரி தனியாக நிதானமாகத் தீர்த்தம் ஆட ஆசைப்பட்டால், அதற்கென்றே ஒரு நாள் போய் விடுதியில் இரவு தங்கி, மறுநாள் விடியலில் ஆடட்டும். அவசரத்தில் தலையில் தண்ணீர் பட்டதும் ஓடினோம் என்று இருந்தால் அது என்ன தீர்த்தம்?

இந்தப் பயணத்தில் அக்னி தீர்த்தக் கடலில் காலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே போங்கள். சுவாமி ஏற்றுக்கொள்வார்.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். இட்லியில் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் கட்டினால் மதியம் வரை ஒன்றும் ஆகாது. மதியத்துக்குப் புளியோதரை, அதற்கு வறுத்த வடகம். குழந்தைகளுக்கு சீப்புச்சீடையும் கொஞ்சம் கும்மாயமும். தயிர்சாதத்தைக் காரில் வைக்காதீர்கள், பத்து மணிக்கே புளித்துவிடும். தண்ணீரை எவர்சில்வர் கூஜாவில் எடுங்கள்.

பாம்பன் தென்கரை எழுதியது:

நான் பாம்பன்காரன். குந்துகாலுக்குப் பக்கத்தில்தான் வீடு. தீவைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் காற்று. பாம்பனுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும், அப்போது தென்கடலில் அலை தலைக்கு மேல். குருசடை தென்கடலில் இருக்கிறது. அதனால் தை பாதிக்கு மேல், மாசி, பங்குனி ஆகிய மாதங்களே நல்ல காலம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாள் சரியானது. அந்த மாதங்களிலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும், படகு துள்ளும், சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். காலை 11 மணிக்குள் ஏறிவிடுங்கள்.

இரண்டாவது, வழி. பாலம் இறங்கி பாம்பன் ஊருக்குள் வந்ததும் தெற்கே திரும்பும் சாலை குந்துகாலுக்குப் போகும். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையேறிய இடம் அது. பாஸ்கர சேதுபதி வந்து வரவேற்றார். இப்போது அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. அதன் அருகிலிருந்துதான் வனத்துறை படகு விடுகிறது.

மூன்றாவது, அனுமதி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் எந்தத் தீவிலும் நாமாக இறங்க முடியாது. வனத்துறை படகில், அவர்களுடைய ஆள் கூட வர, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் இறங்கலாம். கடல் சரியில்லை என்றால் அன்றைக்குப் படகு இல்லை, யாரிடமும் சண்டை போட்டுப் பயனில்லை. முதல் நாளே ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், கடற்கரையில் நின்று "எல்லாத் தீவுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

கல்லுக்கட்டி எழுதியது:

இதை நானும் அழுத்திச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் எங்கள் குடும்பத்தை அப்படித்தான் ஏற்றினார். உயிர்காப்பு உடுப்பு எட்டுப் பேருக்கு மூன்று. பாதி வழியில் எஞ்சின் நின்றது. அரை மணி நேரம் அலையில் ஆடிக்கொண்டு கிடந்தோம், கைக்குழந்தை அழுத அழுகை இன்றும் காதில் இருக்கிறது. பணத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. குறைந்த காசு என்று போகவே போகாதீர்கள்.

முத்துநகர் எழுதியது:

காரைக்குடியில் பிறந்து தூத்துக்குடியில் வேலை பார்ப்பவன். தீவு, கடற்கரை நகரம் என்றால் எங்கள் ஊரையும் யோசிக்கலாமே? பனிமய மாதா பேராலயம், உப்பளம், ரோச் பூங்கா, மக்ரூன். துறைமுகத்தோடு சேர்ந்த முயல் தீவும் உண்டு. உங்கள் ஆத்தாவின் கதைக்கும் ஒட்டும். 1914க்கு முன்னால் கொழும்புக் கப்பல் எங்கள் ஊரிலிருந்துதான் போனது. போட் மெயிலும் அப்போது தூத்துக்குடிக்குத்தான் வந்தது. பாம்பன் பாலம் வந்தபின்தான் தனுஷ்கோடிக்கு மாறியது.

செக்காலை எழுதியது:

தூத்துக்குடி எனக்கும் பிடித்த ஊர். ஆனால் நம் ஊரிலிருந்து போக 4 மணி நேரத்துக்குக் குறையாது. முயல் தீவில் பொதுமக்களைப் பொங்கலை ஒட்டித் திறந்துவிடுவார்கள், மற்ற நாட்களில் துறைமுக அனுமதி வேண்டும். வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் தேசியப் பூங்கா, இறங்க முடியாது. மக்ரூனுக்காக ஒரு தடவை தங்கும்படி போகலாம், ஒரு நாளில் வேண்டாம்.

முத்துநகர் எழுதியது:

உண்மைதான். தங்கும்படி வாருங்கள், ஆடி 20 ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்கே வாருங்கள்.

தொண்டி வளாகம் எழுதியது:

அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் படித்தவள். தீவில் என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பையனுக்காகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குருசடையில் மணல், கொஞ்சம் புதர், அலையாத்தி மரங்கள், ஒரு பழைய ஆராய்ச்சிக் கட்டடம். இறங்கியதும் "இவ்வளவுதானா" என்று தோன்றும். பார்க்க வேண்டியதெல்லாம் கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே, முழங்கால் அளவுத் தண்ணீரில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பவளம் என்பது கல் மாதிரித் தெரிந்தாலும் உயிர். ஊசி முனை அளவு குழிகள் இருக்கும் பாருங்கள், ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன உயிரி உட்கார்ந்திருக்கும். அதன் உடம்புக்குள் வாழும் பாசிதான் அதற்கு நிறமும் சாப்பாடும் தருகிறது. தண்ணீர் கொஞ்ச நாள் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கடலில் பெரிய அளவில் அப்படி வெளுத்தது. சூடு தணிந்தால் கொஞ்சம் மீளும், நீடித்தால் செத்துவிடும்.

குருசடைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, பவளத்தின் மேல் பாய் விரித்தது போலப் படர்ந்து மூச்சை அடைக்கிறது. அதை இன்றும் கையால் பிடுங்கி எடுக்கிறார்கள்.

இந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லி. பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப்பாறையை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். பாறை போனால் அலையைத் தடுக்க எதுவும் இல்லை, மணல் கரைந்துவிடும். முத்துநகர் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், வான் தீவைச் சுற்றி இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கி மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைப் பவளத் துண்டு, சங்கு, கடல் குதிரை எதையும் எடுத்து வராதீர்கள். பவளமும் கடல் அட்டையும் புலிக்குச் சமமாக வனவுயிர்ச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. காலி சங்கு என்று எடுப்பீர்கள், உள்ளே துறவி நண்டு குடியிருக்கும். தண்ணீரில் இறங்கினால் செருப்போடு மணலில் மட்டும் நில்லுங்கள், பாறையில் ஏற வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

தங்கச்சி, இதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து பேச முடியுமா? உண்மையாகவே கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் கடலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு பவளத்தைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்டி வளாகம் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் அண்ணே. தேதி சொல்லுங்கள்.

பாம்பன் தென்கரை எழுதியது:

அந்தத் தங்கச்சி சொன்னதில் எங்கள் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். தீவுகளைச் சுற்றித் தண்ணீருக்குள் மூழ்கி எழும் பெண்களைப் பார்த்தால், அவர்கள் பாசி எடுக்கிறவர்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தலைமுறையாக அதுதான் தொழில். மரிக்கொழுந்துப் பாசியைக் கையில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து உரித்து, இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். பூங்கா அறிவித்த பிறகு அவர்களுக்குத் தீவுப் பக்கம் போவதே சிக்கலாகிவிட்டது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, பாசி வளர நாள் விடுவது என்று அவர்களே பேசி முடிவு செய்து நடந்துகொள்கிறார்கள். தீவைக் காப்பாற்ற வேண்டும், அவர்கள் வயிற்றையும் பார்க்க வேண்டும். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள்.

கழனிவாசல் எழுதியது:

வீட்டில் பேசி முடித்துவிட்டோம். தீர்த்தம் இந்த முறை இல்லை. வீட்டுக்காரி தன் அக்காவோடு மாசியில் தனியாகப் போய் விடுதியில் தங்கி ஆடுவதாகச் சொல்லிவிட்டாள், அவளுக்கும் அதுதான் திருப்தி. பள்ளத்தூர் ஆச்சிக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

ஒரே ஒரு கேள்வி. ஆத்தாவைப் படகில் ஏற்றலாமா? தனுஷ்கோடியில் எவ்வளவு நடக்க வேண்டும்?

செக்காலை எழுதியது:

படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு காலைத் தூக்கி வைக்க வேண்டும், படகு ஆடும். ஆத்தா குந்துகாலில் விவேகானந்தர் மண்டபத்தில் நிழலில் உட்காரட்டும், யாராவது ஒருவர் கூட இருங்கள். நல்ல காற்று வரும் இடம்.

தனுஷ்கோடியில் கவலை இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள், கார் முனை வரை போகும். அதற்கு முன்பெல்லாம் மணலில் வேன் பிடித்துக் குலுங்கிக்கொண்டு போவோம். பழைய ஊரின் இடிபாடுகள் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, மணலில் கொஞ்ச தூரம்தான். முனையில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம், அடி நீரோட்டம் இழுத்துவிடும். வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கியிருக்கும் நீரில் அந்த மாதத்தில் பூநாரைகள் இறங்கியிருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பெண்ணுக்குப் பாலம்: காலையில் இருட்டில் தாண்டுவீர்கள், எதுவும் தெரியாது. திரும்பும்போது வெளிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. 1964 புயலில் சிதைந்ததை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே லிஃப்ட் போல நேராக மேலே ஏறும். பழையது இரண்டு கையாகப் பிரிந்து திறந்தது. சாலைப் பாலத்திலேயே வண்டியை நிறுத்தாதீர்கள், விபத்து நடக்கும். மண்டபம் பக்கக் கரையில் இறங்கி நின்று பாருங்கள்.

கண்டனூர் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இதே பயணத்தில் கச்சத்தீவும் போக முடியுமா?

பாம்பன் தென்கரை எழுதியது:

முடியாது. 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இலங்கை எல்லை. வருடத்துக்கு ஒரு முறை மாசி பங்குனி வாக்கில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், முன்கூட்டியே பெயர் பதிந்து, ராமேஸ்வரத்திலிருந்து கூட்டமாகப் படகில் போய்வருவார்கள். அது வழிபாட்டுக்கான பயணம், சுற்றுலாவாக நினைக்க வேண்டாம்.

கழனிவாசல் எழுதியது:

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கெல்லாம் சேர்ந்தோம். ரஸ்தா அண்ணன் சொன்ன பிராகாரத்தை அந்நேரத்தில் பார்த்தது பெரிய பாக்கியம். பிள்ளைகள் பேசவே இல்லை. தரிசனம் முடிந்து, வாசலில் காபி குடித்து, இட்லியைக் காரிலேயே சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் குந்துகாலில் இருந்தோம். முதல் நாளே கேட்டுவைத்திருந்ததால் அலைச்சல் இல்லை. உயிர்காப்பு உடுப்பு எல்லாருக்கும் கொடுத்து, வாரைத் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் வனக்காவலர் ஏறவிட்டார். வீட்டுக்காரி ஆத்தாவோடு மண்டபத்தில் இருந்துகொண்டாள், அவளுக்குப் படகென்றால் தலைசுற்றல்.

தீவில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். கரையில் சின்னச் சின்னக் குட்டைகள். பையன் ஒரு குட்டைக்கு முன் குந்தி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுருள் சங்கு நகர்ந்துகொண்டிருந்தது. நிழல் பட்டதும் நிற்கும், கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் முதலில் இரண்டு கண் காம்பு வெளியே வரும், அப்புறம் ஒரு கொடுக்கு, அப்புறம்தான் நடை. துறவி நண்டு என்று அவனே காவலரிடம் சொன்னான், நீங்கள் எழுதியதை நான் படித்துக் காட்டியிருந்தேன். ஒரு வெள்ளைப் பவளத் துண்டைக் கையில் எடுத்து, அதன் மேலிருந்த நட்சத்திரம் நட்சத்திரமான குழிகளை எண்ண முயன்று, எண்ண முடியாமல், எடுத்த இடத்திலேயே வைத்தான்.

மதியம் புளியோதரை. ஆச்சி சொன்ன வடகம் எல்லாருக்கும் போதவில்லை, கூடுதலாக எடுத்திருக்கலாம்.

தனுஷ்கோடிக்கு மூன்று மணிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரோடு, வந்துகொண்டிருந்த ரயிலும் போய்விட்டதை ஆத்தா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்தப் புயலுக்கு முந்தைய வருடமே அவர்கள் அப்பச்சி கொழும்புக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்துவிட்டாராம். மாதா கோயில் இடிபாட்டில் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். செங்கல் இல்லை, பவளக்கல். காலையில் பையன் எண்ணிய அதே குழிகள் அந்தச் சுவரிலும் இருந்தன, அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். கப்பல் எங்கே நிற்கும் என்று ஆத்தா கேட்டார்கள். கோஷன், இர்வின் என்று கப்பல்களின் பெயரைச் சொன்னதும், "இர்வின், ஆமாம், அப்பச்சி வாயில் அந்தப் பெயர் வரும்" என்றார்கள்.

ஐந்து மணிக்குள் சோதனைச்சாவடி தாண்டி, பாலத்தை வெளிச்சத்தில் பார்த்து, இரவு ஒன்பதரைக்கு வீடு. ஓட்டுநராகச் சொல்கிறேன், இன்னொருவர் கூட ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் நல்லது. ராமநாதபுரத்துக்கு இப்பால் கண் கட்டியது. தேவிபட்டினத்தில் நிறுத்தி அரை மணி நேரம் கண்ணயர்ந்த பிறகே கிளம்பினேன்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆத்தாவுக்கு அந்த மண்ணை மிதிக்கக் கொடுத்தாயே, அது போதும் தம்பி. நிறுத்திக் கண்ணயர்ந்தது ரொம்ப நல்ல காரியம்.

தொண்டி வளாகம் எழுதியது:

பையன் அந்தத் துண்டைத் திருப்பி வைத்ததைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். தனுஷ்கோடிச் சுவரில் அவன் கண்டுபிடித்ததை நான் மாணவியாக அங்கே போனபோது பேராசிரியர் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அவனுக்கு விருப்பமென்றால் மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அந்த நிறுவனத்தின் தலைமையகமே முன்பு பல காலம் அங்கேதான் இருந்தது. அங்குள்ள காட்சியகத்தை அடுத்த முறை காட்டுங்கள்.

புதுவயல் எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். நாங்கள் ஆடி மாதம்தான் போக முடியும், அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. தீவு கிடைக்குமா?

பாம்பன் தென்கரை எழுதியது:

ஆடியில் கச்சான் முழு வேகத்தில் இருக்கும். தென்கடலில் படகு போவது அரிது, அதை நம்பி வராதீர்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டமும் தாங்காது. அதற்குப் பதில் காரங்காடு போங்கள். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ராமேஸ்வரத் தூரத்தில் பாதிதான். வடகடல் ஆனதால் அந்தக் காலத்தில் அமைதியாக இருக்கும். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துக் கொடுப்பார்கள். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள், பறவைகள் அப்போதுதான் நிறைய இருக்கும்.

புதுவயல் எழுதியது:

காரங்காடே போகிறோம். சமையலுக்கு எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டுமா?

தொண்டி வளாகம் எழுதியது:

ஆமாம், முதல் நாளே சொல்லுங்கள். அன்றைக்கு வலையில் கிடைப்பதைத்தான் சமைப்பார்கள், அதனால் இந்த மீன்தான் வேண்டும் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.